காஜா பெராங் கிணற்று மீன்களின் விரதம்

போன மாதம் ஓர் இளம் பெண் அதிகாரி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கழுத்தில் அட்டை, கையில் கணினி. வெயிலில் வந்திருக்கிறாரே என்று என் மனைவி சிராப் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, கிராம மக்களே முன்னின்று நடத்துற நிலைத்த மேம்பாட்டுத் திட்டம்னு இப்ப எல்லா இடத்திலயும் பேசுறாங்க. மலாக்காவில அந்தக் காலத்திலேயே நீங்க அதைச் செஞ்சிருக்கீங்களாம். உங்க அனுபவத்தை எழுதித் தரணும்."

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கொசுவோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எந்தத் திட்டத்தையும் நான் தொடங்கியதாக யாரும் என்னைக் குற்றம் சாட்டியதில்லை. எந்தத் திட்டம் அம்மா என்று கேட்டேன்.

"காஜா பெராங் மீன் திட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து வருத்தமாகவும் இருந்தது. நோக்கம், செயல்முறை, பலன் என்று மூன்று தலைப்பில் எழுதினால் போதும் என்றார். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இது மூன்று தலைப்புக்குள் அடங்குகிற சங்கதி இல்லை. அந்தத் திட்டத்தில் செயல்முறைப்படி நடந்துகொண்டவை மீன்கள் மட்டும்தான். அவையும் நடுவில் கெட்டுப்போயின.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் முடிந்ததும் மலாக்கா டவுனுக்கு வந்து சுகாதாரப் பகுதியில் கொசு ஒழிப்பு வேலையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொசு எங்கே முட்டையிடும், அதன் புழு தண்ணீரில் எப்படிப் படுக்கும் என்று படித்தேன். என் அம்மா எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில், பையனுக்கு என்ன வேலை என்று கேட்டால் "கவர்மெண்டு" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் இன்ஸ்பெக்டர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, தலையில் தக்கைத் தொப்பி, கையில் குடை. அவருக்கு வயிற்றில் புண் இருந்தது. அதனால் சட்டைப் பையில் எப்போதும் கிரீம் கிராக்கர் பிஸ்கட் வைத்திருப்பார். வயிறு காந்தும்போது ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். சத்தம் போட்டுத் திட்டியதை நான் பார்த்ததே இல்லை. திட்ட வேண்டிய இடத்தில் அவர் பாராட்டுவார். வடிவு என்றால் அவர்கள் பேச்சில் அழகு. "நல்ல வடிவாய்க் கிடக்கு" என்று அவர் சொன்னால் அன்றைக்கு யாரோ ஒருவர் தொலைந்தார் என்று அர்த்தம். சாக்கடையை மண்வெட்டியால் சும்மா தடவிவிட்டுப் போன கூலியாளிடம் ஒருமுறை, "என்ன வடிவான வேலை காணும், போட்டோ பிடிச்சு வைக்கலாம்" என்றார். அந்த மனிதர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. உண்மையில் வேலை நன்றாக இருந்தால் "சரி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் நாயாய் அலைந்தோம்.

கொசுப்புழு பார்ப்பதை அவரிடம்தான் கற்றேன். தண்ணீரை நெருங்கும்போது வெயில் நம் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் நம் நிழல் தண்ணீரில் விழும். நிழல் பட்டதும் புழுக்கள் அடிக்கு ஓடிவிடும். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பூனை மாதிரி பக்கவாட்டில் நடந்து போவார். வெள்ளை எனாமல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, அதன் விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் தொடாததுமாக நிறுத்துவார். தண்ணீர் தானாக உள்ளே வழியும். அள்ளக்கூடாது. கிணறு என்றால் கரண்டிக்குப் பதிலாக எனாமல் கிண்ணம். மூன்று கயிறு கட்டித் தராசுத் தட்டைப் போல இறக்கி, சுவரில் இடிக்காமல் தூக்கி, வெளிச்சத்தில் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு மேல்மட்டத்தில் கட்டிலில் படுத்த மாதிரி கிடக்கும். எதைக் கண்டாலும் இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு துண்டு பிஸ்கட் உடைப்பார், அவ்வளவுதான்.

மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்குத் தேதி சொன்ன மறு வருடம், காஜா பெராங் பக்கம் எனக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது அங்கே கோயில்களுக்குப் பின்னால் தென்னையும் வயலுமாக இருக்கும். மலாக்காச் செட்டிகள் வாழும் கம்பம் அது. கம்பம் என்றால் மலாயில் கிராமம். பெயர் தெய்வானை, நல்லதம்பி என்றிருக்கும். கும்பிடுவது மாரியம்மனை. பேசுவது மலாய். முதல் நாள் நான் தமிழில் வணக்கம் சொல்லிக் கிணறு எங்கே என்று கேட்டபோது, கெபாயா என்கிற மலாய்ச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தியிருந்த ஓர் அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, சாப்பாடு கேட்கிறேன் என்று நினைத்து ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு மலாயில் மறுபடி கேட்டேன். அவர்கள் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்த அம்மாள்தான் மாக் தெய்வானை. அங்கே மூத்த பெண்களை மாக் என்றும் ஆண்களை பாக் என்றும் அழைப்பார்கள். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் சிறியவர்கள். வீட்டின் பின்வாசலை ஒட்டித்தான் ஊர்க் கிணறு. அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து, உள்ளே வெல்லம் வைத்த ஒண்டே-ஒண்டே உருண்டையும் இன்னும் நாலைந்து விதமும் செய்து பண்டார் ஹிலிர் பக்கம் கொண்டுபோய் விற்பார். அதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் வேலையோ தண்ணீர் மேல் எண்ணெய் அடித்துக் கொசுப்புழுவைக் கொல்வது. சாக்கடைக்கும் குட்டைக்கும் அது சரி. கிணற்றுக்கும் கொஞ்சம் விடலாம் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. எண்ணெய் மேலே மிதக்குமாம், வாளி அடியிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்துவருமாம். அந்தக் கிணற்றிலும் புழு இருந்தது, எண்ணெய் விட்டோம். வாளிக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அந்த வாரமே மாக் தெய்வானை, கம்பத்துத் தலைவர் நல்லதம்பிப் பிள்ளையோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. இன்ஸ்பெக்டர் மேசையில் அதை வைத்து, "சாப்பிடுங்க, இஞ்சே" என்றார். இஞ்சே என்றால் ஐயா.

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார். வெல்லம் வாயில் உடைந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் எனக்கே அடித்தது. அவர் அதை முழுதாக மென்று விழுங்கினார்.

"நல்ல வடிவான பலகாரம்" என்றார்.

"வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்றார் மாக் தெய்வானை. "எண்ணெய் வேண்டாம், இஞ்சே."

"அப்ப கிணத்தை மண் போட்டு மூடுறதுதான். ரோட்டில பைப் கிடக்கு."

ரோட்டுப் பைப் தூரம். விடியுமுன்னே மாவு பிசைகிறவர் அங்கே வரிசையில் நின்று தண்ணீர் சுமந்தால் வியாபாரம் நடந்த மாதிரிதான். அதோடு அம்மன் கரகத்துக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். நல்லதம்பிப் பிள்ளை தொண்டையைச் செருமினார். கோயில் வாசலில் பேசுகிற தோரணையிலேயே எல்லா இடத்திலும் பேசுகிறவர் அவர்.

"மீன் விடுறோம், இஞ்சே. வயல்ல கெப்பாலா தீமா இருக்கு. புழுவைத் தின்னும். எங்க கம்பத்து ஆளுங்களே பிடிப்போம், நாங்களே பாத்துக்குவோம். வெள்ளைக்காரனே நாட்டை நம்மகிட்ட விட்டுட்டுப் போறான். ஒரு கிணத்தை நாங்க பாத்துக்க மாட்டோமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு துண்டு பிஸ்கட் உடைத்தார். "செய்து பாருங்கோ. நான் வந்து கிண்ணம் விடுவன். புழு கண்டா மூடுறதுதான். பிறகு கதை இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பமே வயலில் இறங்கியது. ஆண்கள் சாரோங்கை அவிழ்த்து இரண்டு பக்கமும் பிடித்து வலையாக்கினார்கள். உள்ளே அரைக்கால்சட்டை போட்டிருந்தவர்கள் முன்னால் போனார்கள், போடாதவர்கள் கரையில் நின்று யோசனை சொன்னார்கள். நல்லதம்பிப் பிள்ளை வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வாளி நிறைய மீன் கிடைத்தது. கெப்பாலா தீமா என்பது விரல் நீளத்துக்கும் குறைவான மீன். தலை உச்சியில் வெள்ளீயம் வைத்த மாதிரி பளிச்சென்று ஒரு பொட்டு இருக்கும். எந்நேரமும் மேல்மட்டத்தில் நின்று, புழு நெளிந்தால் பாயும். பாடப் புத்தகத்தில் உள்ள மீன் அது.

கிணற்றடிக்கு வாளி வந்து சேர்ந்ததும் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நெத்தியில பாரு" என்றார் ஒருவர். "திருநீறு."

அவ்வளவுதான், கெட்டது குடி. மாக் தெய்வானை மஞ்சள் தண்ணீரில் ஆலத்தி கரைத்துக் கொண்டுவந்து வாளிக்குச் சுற்றிப் போட்டார். மீன்களைப் புது மருமகளை வீட்டுக்குள் விடுகிற மாதிரி கிணற்றில் விட்டார்கள். இத்தனை ஈடுபாடா என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கம்பம் முழுக்கச் சிரட்டை, தகரடப்பா எல்லாம் பொறுக்கிக் குவித்தார்கள். கிணற்றைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கூடினார்கள். வேலை முடிந்ததும் சாப்பாடு. என் எடை ஏறியது.

ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். குடையைக் கக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் நடந்து, கிண்ணத்தை இறக்கினார். கம்பமே கிணற்றடியில் கூடி நின்றது. கிண்ணம் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், மீன்கள் நாலா பக்கமிருந்தும் பாய்ந்து வந்து தாமாகவே கிண்ணத்துக்குள் ஏறிக்கொண்டன. மேலே தூக்கினால் கிண்ணம் நிறைய மீன், ஒவ்வொன்றும் வயிறு புடைத்து, வாயைத் திறந்துகொண்டு எங்களைப் பார்க்கிறது. அவற்றின் மூக்குக்கு முன்னால் கொசுப்புழுக்கள் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவான மீன்" என்றார். "புழுவும் நல்ல வடிவு. ரெண்டும் நல்ல சிநேகிதம் போல கிடக்கு. என்ன பெருமாள், நீர்தான் அறிமுகம் செய்து வைச்சனீரோ?"

பெருமாள் என்பது நான்தான். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நல்லதம்பிப் பிள்ளையிடம் மலாயில் சொன்னார். இன்னும் ஒரே ஒரு முறை வருவேன், அடுத்த மாதம். அப்போதும் புழு இருந்தால் பின்னாலேயே மண் லாரி வரும். சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை மென்றுகொண்டே போய்விட்டார். மாக் தெய்வானை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பசிக்காத மீன் புழு தின்னாது. இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டியதில்லை. யார் தீனி போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மறுநாள் விடியற்காலையில் போய்க் கிணற்றடி வாழை மறைவில் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கி எடுத்தது. முதலில் ஓர் அம்மாள் தண்ணீர் மொண்டார், போகும்போது சாரோங் மடியிலிருந்து ஒரு பிடி சோறு. அடுத்தவர் தேங்காய்த் துருவல். அதற்கடுத்தவர் அங்கே இங்கே பார்த்துவிட்டுப் புட்டு உதிர்த்தார். வாளி கட்டையில் மோதும் சத்தம் கேட்டாலே மீன்கள் மேலே வந்து வட்டம் கட்டி நின்றன. பிறகு நல்லதம்பிப் பிள்ளை வந்தார், குளிக்கிற துண்டோடு. மீனுக்கு யாரும் எதுவும் போடக்கூடாது என்று முந்தின நாள்தான் கோயில் வாசலில் நின்று கட்டளை போட்டவர் அவர். துண்டின் மடிப்பிலிருந்து வறுத்த நெத்திலியை எடுத்து, சின்னதாகக் கிள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டார். பெரிய மீன் சின்ன மீனைத் தள்ளாதபடி பங்கு பிரித்துப் போட்டதையும் நான் பார்த்தேன்.

கடைசியாக மாக் தெய்வானை வந்தார். உடைந்துபோன ஒண்டே-ஒண்டே ஒரு கிண்ணம் நிறைய.

நான் வாழை மறைவிலிருந்து எழுந்தேன். அவர் திடுக்கிடவில்லை. கையும் நிற்கவில்லை.

"மாக், உங்க கிணறுதானே போகப் போவுது" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"மூஞ்சியைப் பாரு, பெருமாள். கசியான். ஆலத்தி எடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டுப் பட்டினி போடச் சொல்றியா? நான் ஒரு ஆள் போடுறதுல என்னா ஆயிடப் போவுது?"

கசியான் என்றால் பாவம். அந்த ஒரு சொல்தான் எங்கள் திட்டத்தின் முதல் எதிரி. ஒவ்வொரு வீட்டிலும் தான் ஒருத்தி மட்டும் போடுவதாக நினைப்பு.

அன்று சாயங்காலம் கோயிலில் கூட்டம் போட்டோம். நான் எழுந்து மீனின் வயிற்றைப் பற்றி விளக்கினேன். யாரும் போடவில்லை என்றார்கள். கை கழுவும்போது விழுந்திருக்கும் என்றார் ஒருவர். காக்காய் கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார் இன்னொருவர். நல்லதம்பிப் பிள்ளை எழுந்து, போட்டவர் யாராக இருந்தாலும் அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கண்டிப்பாகப் பேசினார். நான் பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் வீட்டில் எனக்கு மறுநாள் மத்தியானச் சாப்பாடு இருந்தது. அபராதம் போடலாமா என்று பேச்சு வந்தது. காவல் போடலாமா என்று வந்தது. காவல் இருப்பவரே போட்டால் என்ன செய்வது என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டால் சோறு வலைக்குள் போகும் என்றார் ஒருவர், ஏற்கனவே யோசித்து வைத்தவர் போல. இனி எதுவும் நடக்காது என்று நான் மனதுக்குள் கிணற்றுக்கு மண் போட்டுவிட்டேன்.

அப்போது மாக் தெய்வானை எழுந்தார்.

"பெருமாள் சொன்னா யாரும் கேட்க மாட்டோம். கவர்மெண்டு சொன்னாலும் கேட்க மாட்டோம். நானே கேட்க மாட்டேன்" என்றார். "கொடியேத்தம் வருது. அன்னிக்கு இதுங்களுக்கும் காப்புக் கட்டிடலாம்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாக வெளிச்சம் வந்தது. அம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் கம்பத்தில் பாதிப் பேர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள். விரதக்காரர் முன்னால் வைத்து யாரும் பலகாரம் தின்ன மாட்டார்கள். வேண்டாத சாப்பாட்டை நீட்டி அடுத்தவர் விரதத்தைக் கெடுப்பதைப் போலப் பாவம் அந்த ஊரில் வேறு இல்லை. சொந்த விரதத்தை முறித்தவரை மன்னிப்பார்கள், அடுத்தவர் விரதத்தை முறித்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

பூசாரி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சாஸ்திரம் பார்க்கிறவர். அவருக்கு ஒரு சந்தேகம்.

"காப்பு கட்டலாம். நெத்தியில திருநீறு இருக்கு, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா விரதம்னா சைவம். கொசுப்புழு மாமிசமாச்சே. அதைத் தின்னா விரதம் போயிடுமே?"

இத்தனை நாள் இல்லாத கவலை எல்லோருக்கும் வந்துவிட்டது. இது என் பாடப் புத்தகத்தில் இல்லை. நல்லதம்பிப் பிள்ளைதான் காப்பாற்றினார்.

"போன திருவிழாவில எனக்குச் சர்க்கரை வியாதின்னு டாக்டர் மருந்து கொடுத்தாரு. மருந்து சாப்பிடலாம்னு நீங்கதானே, சாமி, சொன்னீங்க. அதுங்களுக்குப் புழு மருந்து."

பூசாரி கண்ணை மூடி யோசித்தார். கொசுக் கடி அவருக்கும் இருந்திருக்க வேண்டும். "மருந்துன்னா சரி" என்றார்.

கொடி ஏறிய அன்று, பக்தர்களுக்குக் கட்டி முடித்த பிறகு, பூசாரி மேளத்தோடு கிணற்றடிக்கு வந்து கப்பி தொங்கும் கட்டையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். மீன்கள் வழக்கம்போல மேலே வந்து வாயைத் திறந்து நின்றன. யாரும் எதுவும் போடவில்லை. ஓர் அம்மாள் கைகூப்பினார்.

அடுத்த நாட்களை எப்படிச் சொல்வது. வாளி சத்தம் கேட்டு மீன்கள் ஓடி வரும். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் மொள்வார்கள். மாக் தெய்வானை மொள்ளும்போது அழுததை நான் பார்த்தேன். பலகாரம் உடையாமல் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார், உடைந்தால் கை தானாகக் கிணற்றுப் பக்கம் போகிறதாம். ஆனால் காவல் என்றால் அவர் காவல்தான். ஒரு காலையில் நல்லதம்பிப் பிள்ளை துண்டோடு வந்து நின்றார்.

"கையை விரிங்க, பாக்" என்றார் மாக் தெய்வானை, மாவு பிசைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல்.

"குளிக்க வந்தேன்."

"கையை விரிங்க."

விரித்தார். நெத்திலி. தலைவர் அதைத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்குப் போனார். பிறகுதான் தானும் விரதம் என்பது அவருக்கு நினைவு வந்தது. பூசாரியிடம் போய்ப் பரிகாரம் கேட்டுவிட்டு வந்தார்.

நான் தினமும் கிண்ணம் விட்டேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. மீன்கள் என்னை ஏறிட்டுப் பார்ப்பதும் புழுக்கள் நெளிவதுமாகவே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு மீன், எங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த புழுவை லபக்கென்று விழுங்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய் மாக் தெய்வானையிடம் சொன்னேன். "மருந்து சாப்பிடுதா?" என்று கேட்டு மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டார்.

திருவிழா முடியுமுன்பே இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் மண் லாரி இல்லை என்பதை எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். குடை கக்கத்துக்குப் போனது. பக்கவாட்டில் நடந்தார். கிண்ணம் இறங்கியது, ஏறியது. அவர் பார்த்தார். பக்கம் மாறி இன்னொரு முறை விட்டார். கிணற்றின் நிழல் விழும் மூலைக்குப் போய் மறுபடியும் விட்டார். கிண்ணத்தில் தெளிந்த தண்ணீரும், வயிறு ஒட்டிய இரண்டு மீனும்.

வடிவு என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"சரி" என்றார்.

நல்லதம்பிப் பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. மாக் தெய்வானை கெபாயா நுனியால் கண்ணைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் கிளம்பாமல் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சின்ன மீன்கள் அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து நின்றன. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவருடைய கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது. ஒரு துண்டு பிஸ்கட் வெளியே வந்தது. கை கிணற்றுக்கு மேலே நீண்டது.

மாக் தெய்வானை அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

அரசாங்க இன்ஸ்பெக்டரின் கையை யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார்.

"வேண்டாம், இஞ்சே. இதுங்க விரதம்."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கப்பிக் கட்டையில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினேன். அவர் சைவக் குடும்பம், கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடக்கிறவர். கயிற்றைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார், கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தெரியாமல் செய்யப் பார்த்திட்டன்" என்றார், தமிழிலேயே, மாக் தெய்வானையிடம். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "விரதம் எப்ப முடியுது?" என்று கேட்டார்.

கொடி இறங்கிய அன்று வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். சாமி கும்பிட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். கட்டையில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு.

"அடுத்த கொடியேத்தம் வரைக்கும் வேண்டிக்கிட்டு இருக்குதுங்க, இஞ்சே" என்றார் மாக் தெய்வானை.

அப்படித்தான் வருடத்துக்கு வருடம் அந்தக் கயிறு மாறியது. நாடு சுதந்திரமடைந்தது, எண்ணெய் டப்பா போய் வேறு மருந்துகள் வந்தன. அந்தக் கிணற்றுக்கு மட்டும் யாரும் எதையும் கொண்டுபோகவில்லை. இது எத்தனை காலம் நிலைத்தது, யார் கண்காணித்தார்கள் என்று அந்த இளம் அதிகாரி கேட்டிருந்தார். மாக் தெய்வானை கண்காணித்தார் என்று எழுதிக்கொள்ளட்டும். பைப் தண்ணீர் வீட்டுக்கு வீடு வரும் வரை அவர் மாவு பிசைந்தது அந்தத் தண்ணீரில்தான். பிள்ளைகள் மூன்று பேரும் படித்து வேலைக்குப் போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சில வருடம் கழித்து இன்ஸ்பெக்டர் கனகசபை ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். போவதற்கு முதல் நாள் என்னை அழைத்துக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கடைசியாகக் கிணற்றடியில் போய் நின்றார். ஆள் மெலிந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மீன்கள் மேலே வந்தன.

மாக் தெய்வானை பின்வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம்.

"கையை வெளிய எடுங்க, இஞ்சே" என்றார்.

இன்ஸ்பெக்டர் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரித்தார். ஒரு துண்டு கிரீம் கிராக்கர். மாக் தெய்வானை திரும்பி அதைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"சாமிக்குப் பூப் பறிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்துபோனார். பூக்கூடையை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் அரசாங்க ஊழியன். பார்த்தால் எழுதியாக வேண்டும். அதனால் நானும் கொடிமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.